அரசன் அமர்ந்த கல்

வழிநடை இன்பம் – 9

திருக்கோணமலைக்குச் செல்வோருள் பெரும்பாலோருக்குக் கந்தளாய் என்பது தயிர் வாங்கும் ஊர். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வரும் வாகனங்கள், வீதியோரத்தில் மண்சட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் எருமைத் தயிருக்காகச் சிறிது தரித்து, கோணேசர் தரிசனத்துக்கோ கடற்குளிப்புக்கோ விரைந்துவிடுகின்றன. சேருமிடத்தையே சிந்தித்துச் செல்பவனுக்கு இடைவழி ஊர்கள் யாவும் மைற்கற்கள். ஊர் சுற்றுகிறவனுக்கோ இடைவழியே யாத்திரை. சென்ற வாரம் கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளண்டை நின்ற நாம், இவ்வாரம் பட்டணத்துக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கந்தளாய்க் குளக்கட்டின்மீது சற்று நடப்போம்.

கட்டின் நீளம் சுமார் 14,000 அடி. உயரம் 50 அடி. குளத்தை நோக்கி நிற்கையில் மனம் அதன் விரிவில் லயித்துவிடுகிறது. ஆனால், மறுபுறம் திரும்பித் தென்னைகளின் தலைகள் ஏறத்தாழ நம் கண்மட்டத்தில் அசைவதையும், அவற்றின் அடியில் வயல்கள் கிடப்பதையும் பார்த்த பிறகே, முதுகுக்குப் பின்னால் எத்தனை ஆழமான ஜலராசி தேங்கி நிற்கிறது என்பது புத்திக்கு எட்டுகிறது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி இக்கட்டு உடைத்துக்கொண்டபோது நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் வெள்ளத்தோடு போயின. அதை அறிந்தவனுடைய ஆச்சரியத்தில் அச்சமும் கலந்தே இருக்கும்.

இந்த நீரும் ஒரு யாத்திரிகனே. குளம் பேராற்றை மறித்துக் கட்டப்பட்டதாயினும், மாத்தளை மலைகளில் பிறக்கும் அம்பன் கங்கையின் நீரும் எலகரையில் திருப்பப்பட்டு, பழைய பெருவாய்க்கால் வழியே மின்னேரியாவைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தது. இங்கிருந்து துருசு வழியாக இறங்கித் தம்பலகாமத்து வயல்களை நனைத்துக் கடலை நோக்கிச் செல்வது. இக்குளத்தைக் கட்டியவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கிரபோதி எனச் சூளவம்சத்தைக் கொண்டு சரித்திரகாரர் கூறுவர்; குளக்கோட்டு மன்னன் எனக் கோணேசர் கல்வெட்டைக் கொண்டு தம்பலகாமத்தார் கூறுவர். இரு கூற்றுக்களையும் கேட்டுக்கொண்டு, அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நடப்பது வழிப்போக்கனுக்குரிய சுதந்திரம்.

ஊரின் பழைமை குளத்தோடு முடியவில்லை. பௌத்தனாகிய முதலாம் விஜயபாகுவின் காலத்தில், கந்தளாய் விஜயராஜ சதுர்வேதிமங்கலம் என்ற பெயருடன் பிராமணர் குடியிருப்பாக விளங்கிற்று. அருகிலுள்ள பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனம், நங்கைச்சானி என்னும் பிராமணப் பெண் தன் கணவனின் புண்ணியத்தை வேண்டி இங்கிருந்த சிவன் கோயிலுக்குச் செய்த தருமத்தைப் பதிந்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் வந்தான். தான் இலங்கை முழுவதையும் சுற்றிப் பார்த்ததாகத் தன் சாசனங்களிலே சலிக்காமல் பொறித்துவைத்த அவன், இவ்வூரிலே பார்வதி சத்திரம் என்ற அன்னசாலையை அமைத்து, அங்கே தானம் பெறுவோர் மகிழ்வதைத் தான் அமர்ந்து கண்ட ஆசனம் இதுவென ஒரு கல்லாசனத்திலும் எழுதிவைத்தான்.

தற்புகழ்ச்சியில் நிகரற்ற அரசன் அவன் என்பது உண்மைதான். ஆயினும், நாடு முழுதும் நடந்த ஒருவன், வழியில் ஓரூரில் அமர்ந்து, பிறர் முகத்தில் தோன்றும் சந்தோஷத்தைப் பார்த்திருப்பதையும் தன் கீர்த்திகளுள் ஒன்றாக எண்ணினானே, அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று நாம் ஒரு நாளில் ஆறு ஸ்தலங்களைத் தரிசித்து, ஏழாவதற்கு நேரமில்லையே என்று வருந்துகிறோம். சுற்றுவதில் பாதி நடை என்றால், மறுபாதி இருக்கை. இருந்து பாராதவனுக்கு ஆறு ஊர்களும் ஒரே ஊராகவே ஞாபகத்தில் தங்கும்.

ஆனால் இருந்துவிடுவதும் போவதும் நம் வசத்தில் இருக்கும்வரைதான் இந்த இன்பம். 1660இல், இதே மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவில் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞன், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இத்தீவைவிட்டு வெளியேற இயலாமல், ஊர் ஊராகப் பண்டம் விற்றுத் திரிந்தே தப்பும் வழியைக் கண்டுபிடித்தான். அவன் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.