‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’: ஒரு போராட்டத்துக்கு எதுக்கு டான்ஸ் மியூசிக்?

இன்னைக்கு எபிசோடை கனகம்மாசத்திரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். சென்னையிலிருந்து திருப்பதி போற ரோட்ல, திருவள்ளூர் தாண்டி, திருத்தணிக்கு முன்னாடி வர்ற ஊர். பஸ்ல தூங்கிட்டீங்கன்னா ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

போன வருஷம் அங்க அத்தை பையனுக்குக் கல்யாணம். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் எனக்கு வேலை போயிருந்தது. பத்து நிமிஷ வீடியோ கால், அவ்வளவுதான். கடைசியில நான் “தேங்க்யூ சார்”னு வேற சொல்லிட்டு வச்சேன். அந்த ‘சார்’ இன்னும் தொண்டையில நிக்குது. வீட்ல யார்கிட்டயும் சொல்லல.

ரிசப்ஷன்ல லைட் மியூசிக். பழைய பாட்டா போயிட்டிருந்தது. திடீர்னு ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’. பெரியவங்க எல்லாம் கை தட்டுறாங்க, சின்னப் பசங்க மேடைக்கு முன்னாடி ஆடுறாங்க. நகரியில இருந்து வந்திருந்த சித்தி அதையே தெலுங்கு வார்த்தையில பாடிட்டு இருந்தாங்க. நான் மட்டும் மெதுவா பந்தி பக்கம் நழுவிட்டேன்.

ஜாலியான பாட்டுன்னு மட்டும்தான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். அது வேலை போனவன் பாட்டு!

படம் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. ஸ்ரீதர் இயக்கம், கதை-வசனத்துல சித்ராலயா கோபு, பாட்டு கண்ணதாசன், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ஈஸ்ட்மென் கலர்ல எடுத்த முழு நீளக் காமெடி. பாலையாதான் விஸ்வநாதன், பெரிய எஸ்டேட் முதலாளி. அவர்கிட்ட வேலை பார்க்கிற அசோக்கை, அதாவது புதுமுகம் ரவிச்சந்திரனை, வேலையை விட்டுத் தூக்கிடறார். அவன் கெஞ்சல, ஊரை விட்டும் போகல. முதலாளி பங்களாவுக்கு எதிர்லயே கூடாரம் போட்டு, ஆள் சேர்த்து, பாட்டுப் பாடியே போராட்டம் நடத்துறான்.

அந்தத் தலைப்பை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. ‘விஸ்வநாதன்’. அய்யா இல்ல, சார் இல்ல, முதலாளி இல்ல. சம்பளம் கொடுத்தவரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுறது நம்ம ஊர்ல எவ்வளவு பெரிய விஷயம்! வசனமா வச்சிருந்தா அது சண்டைக் காட்சி ஆகியிருக்கும். தாளத்துல வச்சதால, தியேட்டர்ல முதலாளிகளும் சிரிச்சிருப்பாங்க. இசையமைப்பாளர்கள்ல ஒருத்தர் பேரும் விஸ்வநாதன்தான்ங்கிறது தனி குறும்பு.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்ப்போம். ஊர்வலத்துல கோஷம் எப்படி? ஒருத்தர் முன்னாடி சொல்வார், கூட்டம் பதில் சொல்லும். ராக் அண்ட் ரோல்லயும் கிட்டத்தட்ட அதே அமைப்பு நிறைய வரும். பாடகர் ஒரு வரி, கோரஸ் ஒரு பதில். எம்.எஸ்.வி.யும் ராமமூர்த்தியும் இந்த ரெண்டையும் ஒண்ணா வச்சுட்டாங்க. அதனால கோஷம் தானா ஆட்டமா மாறிடுது. பாடினது பி.பி.ஸ்ரீனிவாஸ். தாலாட்டு மாதிரி மென்மையான குரல். ஒரு கரகரப்பான குரல் பாடியிருந்தா மிரட்டல் மாதிரி இருந்திருக்கும். இவர் பாடும்போது அது குசும்பு.

இன்னொண்ணு, காலம். 1960-ல சப்பி செக்கர் பாடின ‘தி ட்விஸ்ட்’ அமெரிக்காவுல முதலிடம் பிடிச்சு, உலகத்தையே ஆட வச்சது. ட்விஸ்ட்ல ஜோடியைத் தொட வேண்டியதே இல்ல. அவங்கவங்க இடத்துலயே இடுப்பைத் திருப்பி ஆடலாம். நம்ம சினிமாவுக்கு இதைவிட வசதி என்ன வேணும்? ஹீரோவும் ஹீரோயினும் ஒரே ஃப்ரேம்ல ஆடலாம், விரல் படாது, சென்சாருக்கும் தலைவலி இல்ல. இது என் தியரி, ஒத்துக்கலைன்னா எழுதுங்க.

“எல்லாம் வெளிநாட்டுல இருந்து சுட்டதுதானே?”ன்னு கேட்பீங்க. ‘அனுபவம் புதுமை’யில, மெக்ஸிகோவின் கான்சுவேலோ வெலாஸ்கஸ் எழுதின ‘பேசமே முச்சோ’வோட சாயல் இருக்கு. மறைக்க வேண்டியதில்ல. அது பொலேரோ, மெதுவா ஆடுற ஜோடி நடனத்துக்கான இசை. ஆனா அந்த சாயல்ல தொடங்கி, சுசீலாவும் ஸ்ரீனிவாஸும் பாடிக்கிட்டே போகும்போது பாட்டு வேற வழியில திரும்பிடுது. சாயலைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல நாம அந்தத் திருப்பத்தைக் கேட்காம விட்டுடறோம்.

படத்தோட பேர்லயே வர்ற பாட்டைக் கவனிங்க. முத்துராமன் பணக்காரக் கிழவர் வேஷத்துல பாடுறார். குரல் யாரோடது? சீர்காழி கோவிந்தராஜன். பக்திப் பாட்டுல கேட்டுப் பழகின கம்பீரம், இங்க பொண்ணுங்களைக் கிண்டல் பண்ணுது. பாதி ஜோக் குரல்லயே முடிஞ்சிடுது. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்ற சீன் வந்தா மட்டும் இசைக்காரங்களுக்கு லீவு போல. சத்தமெல்லாம் நாகேஷே வாயால போட்டுக்குவார்!

சித்தி விஷயத்துக்கு வர்றேன். 1965-ல இதே கதை தெலுங்குல ‘பிரேமிஞ்சி சூடு’. நாகேஸ்வர ராவ் ஹீரோ, மாஸ்டர் வேணு இசை. அங்கயும் ஸ்ரீனிவாஸ் பாடினார். அவர் காக்கிநாடாக்காரர், சுசீலா விஜயநகரம். திருத்தணி தாலுகா ஆந்திராவுல இருந்து சென்னை மாகாணத்துக்கு வந்ததே 1960-லதான். அதனால எங்க பக்கத்துக் கல்யாணத்துல ‘இது யார் பாட்டு’ன்னு சண்டை வராது. ரெண்டையும் பாடிட்டு சாப்பிடப் போயிடுவாங்க. (1966-ல ஸ்ரீதரே இந்தியில ‘ப்யார் கியே ஜா’ எடுத்தார், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இசையில. அதுக்குத் தனி எபிசோட் வேணும்.)

கல்யாணம் முடிஞ்சு ராத்திரி கடைசி வரிசை சீட்ல அப்பாவும் நானும். பஸ் திருவள்ளூர் தாண்டினதும் சொல்லிட்டேன். அப்பா ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தார். அப்புறம் கேட்டார்:

“உன் மேனேஜர் பேரு என்னடா?”

சொன்னேன். முன் சீட்டுக் கம்பியில விரலால தட்டி, அந்தப் பேரோட ‘வேலை வேண்டும்’னு சேர்த்துப் பாடிப் பார்த்தார். ரெண்டு தடவை.

“தாளத்துல உட்கார மாட்டேங்குதேடா”ன்னார்.