இன்ஜினியரிங்தான் படிப்பா?

'பி.சி.ஏ.,தான் படிப்பேன்' என்று 2024ல் என் மகள் பிடிவாதமாக நின்றாள். 'இன்ஜினியரிங் கிடைக்காதவங்க படிக்கிறதாச்சே' என்று சொந்தத்தில் ஒரே பேச்சு. கடன் வாங்கியாவது சீட் வாங்க அவள் அப்பாவும் தயார். நான் மகள் பக்கம்.

ரயிலில் ஒரே பெர்த்தை நூறு பேர் கேட்டாலும், இரண்டு பேருக்குப் போகாமல் கம்ப்யூட்டர் எப்படிப் பார்த்துக்கொள்கிறது? ஒருவருக்குப் பதிவாகும்வரை மற்றவர் தொடாதபடி அந்தக் கணக்கைப் பூட்டி வைக்குமாம். நடுவில் கோளாறு வந்தால், பாதியில் நின்றதை அழித்துப் பழையபடி ஆக்கிவிடுமாம். 'டேட்டாபேஸ்' பாடம் இது. பத்தாவதோடு நின்ற எனக்கே புரிந்ததே!

மூன்றே வருஷம். மேலே எம்.சி.ஏ., படிக்க இரண்டு வருஷம். அரசுப் பள்ளியில் படித்ததால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது; பஸ், நோட்டுச் செலவுக்கு ஆச்சு.

ஒரு விஷயம், தோழியரே... 2024 - 25லிருந்து பி.சி.ஏ.,வுக்கும் ஏ.ஐ.சி.டி.இ., அனுமதி உண்டு. பணம் கட்டுமுன் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்டதற்கு ஒரு கல்லூரியில் மழுப்பினார்கள், எழுந்து வந்துவிட்டோம்.

இப்போது எங்கள் மகளிர் குழுவின் வரவு செலவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன் என்று, கணக்கு நோட்டைக் கேட்டு நச்சரிக்கிறாள்.

- ஓர் இல்லத்தரசி, தேனி.