நீரின் வழி

நுழையும்முன்

விடுமுறையில் ஓரிடத்திற்குச் செல்வோர் பலரும் அவ்விடத்தின் அழகைக் கண்டு மகிழ்ந்து மீள்வர். தம் உழைப்பில் ஒரு பங்கை அவ்விடத்திற்கு நல்கி மீள்வோரும் உளர். மலைப்பாதையைச் செப்பனிடுதல், அழிந்த கடலோரக் காட்டை மீட்டெடுத்தல் முதலிய பணிகள் இத்தகையோரின் கைகளால் உலகெங்கும் நடைபெற்று வருகின்றன. இப்பணிகளுக்கு நல்லெண்ணம் மட்டுமே போதுமா? இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஏரிக்கரையில் எழும் வினாக்கள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. இங்குள்ள ஏரி, ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பரப்பு ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. தென்பகுதியில் ஏரியை நம்பி வாழும் மீனவர் ஊர்களுள் பசியாவரமும் ஒன்று. மீன், இறால், நண்டு ஆகிய மூன்றுமே இவ்வூர்களின் விளைச்சல். ஏரியே அவற்றின் வயல்.

குளிர்காலத்தில் பூநாரைகளையும் பிற நீர்ப்பறவைகளையும் காண்பதற்காக மக்கள் இங்கு வருகின்றனர். மாணவர் குழுக்களும் வருவதுண்டு. ஏரியின் நிலையை அறிந்தோர் உள்ளத்தில், 'நம்மால் இயன்ற ஒன்றைச் செய்வோம்' என்னும் எண்ணம் எழுவது இயல்பு. கண்டல் கன்றுகளைக் கொண்டுவந்து சேற்றில் நட்டுச் செல்வதே அவர்களுக்கு முதலில் தோன்றும் வழி. எண்ணம் நன்று. ஆயினும், நடுவதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். நடும் இடத்திற்கு நீர் எவ்வழியாக வந்து எவ்வழியாகச் செல்கிறது? அவ்விடத்தைச் சார்ந்து வாழ்வோர் யாவர்? நட்டபின் மீண்டும் வந்து காண்போர் யாவர்? இவற்றுக்கு விடை காண, முதலில் மலைப்பாதை ஒன்றை நோக்குவோம்.

மலைப்பாதை கற்பிக்கும் பாடம்

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில், 14 மாநிலங்களின் வழியே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் நடைபாதை ஒன்று உண்டு. அது அப்பலாச்சியன் நெடும்பாதை எனப்படும். 1921ஆம் ஆண்டு பென்டன் மக்காய் என்பவர் இதற்கான திட்டத்தை முன்மொழிந்தார். 1937இல் பாதை முழுமை பெற்றது. அதனை அமைப்பதில் பெரும்பங்காற்றியோர் தன்னார்வலர்களே. இன்றும் அதனைப் பேணுவதில் தன்னார்வலர்கள் முன்னிற்கின்றனர். விடுமுறை நாள்களில் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தி மலையேறுவோர் அவர்கள்.

மலைப்பாதையைச் சிதைப்பது மனிதர் காலடி மட்டுமன்று. காலடிகள் படிந்து பாதை பள்ளமாகிறது. மழைநீர் அப்பள்ளத்தையே ஓடையாக்கிக்கொண்டு விரைந்து இறங்குகிறது. மேல்மண் அரிக்கப்பட்டுக் கல்லும் வேரும் வெளிப்படுகின்றன. சேற்றைத் தவிர்க்க எண்ணி நடப்போர் பாதையின் ஓரத்தில் கால்வைக்கின்றனர். ஓரத்துச் செடிகள் மடிய, பாதை அகலமாகிறது. அகன்ற பாதை மேலும் நீரை ஈர்க்கிறது.

பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரப்புவது எளிது. ஆனால் அடுத்த மழையிலேயே அம்மண் கரைந்தோடிவிடும். ஆதலின், அறிந்தோர் முதலில் நீருக்கு வழி அமைக்கின்றனர். பாதையின் குறுக்கே கற்களையோ மரத்தடிகளையோ நேராக அன்றிச் சாய்வாகப் பதிக்கின்றனர். இறங்கிவரும் நீர் அத்தடுப்பில் மோதி, சாய்வின் வழியே பாதையைவிட்டு விலகிச் சரிவில் பரவுகிறது. இத்தடுப்புகளில் இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் பயனில்லை. எனவே அவற்றைத் தூர்வாருதல் ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணியாகிறது. பாதையை மீட்டல் என்பது நீரின் போக்கை அறிதல் என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

முதல் வினா: நீர் எவ்வழி செல்கிறது?

மலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை கடற்கரைக்கும் பொருந்தும். மலையில் மிகுந்தோடும் நீரை விலக்க வேண்டும். கண்டற்காட்டில் தேங்கி நிற்கும் நீரை ஓடச்செய்ய வேண்டும். வேறுபாடு இதுவே.

கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் இதற்குச் சிறந்த சான்று. அங்குள்ள சதுப்புநிலக் காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970கள் வரை, பகுதி பகுதியாக மரங்களை முற்றிலும் வெட்டி எடுக்கும் முறை வழக்கிலிருந்தது. வெட்டிய இடங்களில் காடு தானே தழைக்கும் என்று எதிர்பார்த்தனர். அவ்வாறு தழைக்கவில்லை. சுற்றுப்புற மக்கள் விறகு வெட்டியதும் ஆடுமாடு மேய்த்ததுமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாடு வனத்துறையோடு இணைந்து ஆய்ந்தபோது வேறொரு காரணம் புலப்பட்டது. மரங்கள் அகற்றப்பட்டதால் வெயில் நேரடியாகச் சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் வறண்டு, நிலம் தாழ்ந்து தொட்டி போலானது. உயர் ஓதத்தின்போது உட்புகுந்த கடல்நீர், தாழ் ஓதத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. உவர்ப்பைத் தாங்கி வளரும் கண்டலும் தாங்கவியலாத அளவிற்கு உப்பு மிகுந்தது. காடு மீளாமைக்கு மக்கள்மீது சுமத்தப்பட்ட பழி பொருத்தமற்றது என்பதையும் இவ்வாய்வு உணர்த்தியது.

நோய் தெளிவானபின் மருந்தும் தெளிவாயிற்று. இயற்கையான ஓடையிலிருந்து முதன்மை வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. அவற்றின் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் பிரிந்தன. மேலிருந்து நோக்கினால் மீனின் முள்ளைப் போன்ற தோற்றம் தருவதால், இதனை மீன்முள் வடிவ வாய்க்கால் என்பர். ஓதநீர் நாள்தோறும் உள்ளே வந்து வெளியே சென்றது. மண்ணின் உப்பு குறைந்தது. அதன்பின்னரே கன்றுகள் நடப்பட்டன, அவை வேரூன்றின. இம்முறை பின்னர் முத்துப்பேட்டையிலும் ஆந்திரக் கடற்கரையிலும் பின்பற்றப்பட்டது. மலைப்பாதையில் சாய்வாகப் பதித்த கல்லும், சேற்றில் சாய்வாக வெட்டிய வாய்க்காலும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

பழவேற்காட்டு ஏரியின் வாழ்வும் நீரின் வழியைச் சார்ந்ததே. ஆரணியாறு முதலியவை மழைக்காலத்தில் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து செல்கிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அவ்வழியே ஏரிக்குள் புகுந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கோடையில் அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தைத் தூர்க்கும்போது இப்போக்குவரத்து தடைப்படுகிறது. ஏரி ஆழம் குறைகிறது; உவர்ப்பு மிகுகிறது; மீன்வரத்து குறைகிறது; படகுகள் கடலுக்குச் செல்ல இயலாமல் நிற்கின்றன. முகத்துவாரம் திறந்திருத்தல் பசியாவரம் போன்ற ஊர்களுக்கு உணவுப் பானை நிறைவதோடு தொடர்புடையது.

> தெரிந்து தெளிவோம்
>
> சேற்றில் காற்று குறைவு. ஆதலின் வெண்கண்டல் மரம், மண்ணுக்கு மேலே விரல்களைப் போன்று நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைக் கொண்டுள்ளது. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட முளைக்குச்சியாகத் தொங்கிப் பின்னர் நீரில் விழும். கண்டல் என்னும் பெயர் சங்க இலக்கிய நெய்தல் திணைப் பாடல்களிலேயே இடம்பெற்றுள்ளது.

இரண்டாம் வினா: இவ்விடம் யாருடைய வாழ்விடம்?

வெளியூரார் கண்ணுக்கு வெறும் சேறாகத் தோன்றும் இடம், உண்மையில் வெற்றிடம் அன்று. பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்னும் மரபுமுறை நிலவுகிறது. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் பாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஊரின் உறுப்பினராகிய தலைக்கட்டுகள், சீட்டுக் குலுக்கி, முறைவைத்து அவ்விடங்களில் வலை வைக்கின்றனர். இன்று வளமான இடம் ஒருவருக்குக் கிடைத்தால், மற்றொரு நாள் அது வேறொருவருக்குக் கிடைக்கும். எழுதப்பட்ட சட்டத்தினும் பழைமையான இம்முறை, ஏரியின் வளம் ஒருசிலரிடம் குவியாமல் காக்கிறது.

ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் இருளர் பெண்கள் நீரில் அமர்ந்தும் நகர்ந்தும் சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். வலையோ படகோ இல்லாத அவர்களுக்குக் கையே கருவி. கைக்கு எட்டும் சேறே வாழ்வாதாரம். அதே சேற்றுத்திட்டில் பூநாரை தன் வளைந்த அலகைக் கவிழ்த்து இரை தேடுகிறது.

இவற்றை அறியாத ஒருவர், சேறு கண்ட இடமெல்லாம் கன்று நட்டால் விளைவு யாது? கன்று பிழைத்தால் இறால் பிடிக்கும் கைகளுக்கு இடமில்லை. பறவைக்கும் மேய்ச்சல் வெளி இல்லை. கன்று பட்டுப்போனால் உழைப்பு வீண். எவ்வகையிலும் இழப்பே எஞ்சும். இயல்பாகக் கண்டல் வளர்ந்திருந்து அழிந்த கரையோரங்களைத் தேர்ந்து, அங்கு மட்டுமே நடுதல் முறையாகும். அவ்விடம் எதுவெனக் காட்டவல்லவர் ஊரின் மூத்த மீனவரே. பிச்சாவரத்திலும் ஊர்மக்களும் வனத்துறையும் கூடி மேலாண்மை செய்த பின்னரே பணி நிலைபெற்றது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, காட்டின் பின்புறம் இருந்த சிற்றூர்கள் திறந்த கடற்கரையில் இருந்தவற்றைவிடக் குறைந்த அழிவையே கண்டன.

மூன்றாம் வினா: மீண்டும் வருவோர் யாவர்?

கன்று நடும் நாளில் கூட்டம் மிகும். மறு ஆண்டு வாய்க்காலில் தூர் சேர்ந்திருக்கும். கன்றுகளில் பாசியும் நெகிழிப்பையும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது வருவோரே காட்டை உண்டாக்குவோர்.

இத்தொடர்ச்சிக்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல், ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் நள்ளிரவுக்குப் பின்னர் நடந்து செல்கின்றனர். பங்குனி ஆமை மணலில் இட்டுச் சென்ற முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பிடத்தில் புதைக்கின்றனர். ஏறத்தாழ 45 நாள் கழித்து வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். தொடக்கத்தில் நடந்த மாணவர்கள் இன்று நடுவயதினர். ஆயினும் நடை நிற்கவில்லை. புதிய மாணவர் அதனைத் தொடர்கின்றனர். ஒருவர் வருகை ஓரிரவே ஆயினும், பணி தலைமுறை கடந்து நிற்கிறது.

1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், 'எனக்காக அன்று, உனக்காக' என்னும் பொருளுடைய முழக்கத்தைக் கொண்டது. அதன் ஏழு நாள் முகாமில் ஒரு காடு உருவாகிவிடாது. ஆனால் இவ்வாண்டு வந்த பள்ளி அடுத்த ஆண்டும் அதே ஊருக்கு வருமாயின், முன்பு நட்டவற்றுள் பிழைத்தவை எத்தனை, பட்டவை எத்தனை எனக் கணக்கெடுக்கலாம். பட்டமைக்குக் காரணத்தை ஆராய்ந்து மறுமுறை திருத்திக்கொள்ளலாம். அக்கணக்கேடு நடப்பட்ட கன்றுகளுக்கு நிகரான கொடையாகும்.

கேட்பதே முதற்பணி

பசியாவரத்துக் கரையில் இறங்கும் மாணவர் கையில் கன்றோடு இறங்குவதினும் செவியோடு இறங்குதல் நன்று. 'இங்கே நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும்? இவ்வோடை முன்பு எங்குச் சென்றது? எவ்விடத்தில் நாங்கள் கால்வைத்தல் கூடாது?' என ஊர்ப் பெரியவரிடம் வினவுதல் வேண்டும். ஓடையில் சிக்கிய அறுந்த நைலான் வலைகளையும் நெகிழிக் குப்பையையும் அகற்றுக என்று அவர் கூறினால், அதுவே அன்றைய தொண்டு. தூர்வாருக என்றால் தூர்வாருதல் தொண்டு. இன்று எதுவும் நடவேண்டா என்றால், நடாமல் திரும்புதலும் தொண்டே.

மலையாயினும் கடலாயினும், மனிதர் சிதைத்ததை மீட்கும் ஆற்றல் பெரும்பாலும் இயற்கையிடமே உள்ளது. நீருக்கு வழி கிடைத்தால் மண் தேறும். மண் தேறினால் மரம் எழும். மரம் எழுந்தால் அதன் வேரிடையே இறாலும் மீனும் பெருகும். அவை பெருகினால் கரையில் காத்திருக்கும் குடும்பத்தின் அடுப்பு எரியும். அவ்வழியில் கிடக்கும் தடையை அகற்றி, ஒதுங்கி நின்று, மீண்டும் வந்து காண்பவரே உண்மைத் தன்னார்வலர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள ஏரி, குளம், ஓடை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு நீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் முதியோரிடம் கேட்டறிந்து வரைபடமாக வரைக.

2. சென்ற ஆண்டு உங்கள் பள்ளியில் நடப்பட்ட மரக்கன்றுகளுள் பிழைத்தவை, பட்டவை ஆகியவற்றைக் கணக்கிட்டு, காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. 'நடுவதினும் பேணுதல் அரிது' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.