களை மீன் என்று எதைச் சொல்கிறோம்?

கொஞ்ச நாளாக ஒரு கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மழைக்குப் பிறகு மணிமுத்தாற்றிலும், விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் தூண்டில் போடுறவங்க எந்த மீனைப் பையில் போடுறாங்க, எதைக் கரையில் வீசுறாங்க என்பதுதான் அந்தக் கணக்கு. செராமிக் ஊர் என்று பெயர் வாங்கிய ஊரில் மீனைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று நண்பர்கள் கேட்கிறாங்க. வாரம் முழுக்க கம்ப்யூட்டரில் கோடு அடிக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை நல்லதுதானே!

இதுவரை சேர்ந்த குறிப்பில் ஒரு வரிசை தெளிவாகத் தெரியுது. விரால் கிடைத்தால் கரையே கூடிவிடும். அடுத்து கட்லா, ரோகு. அதற்கடுத்து கை அகல ஜிலேபி, பெரிய கெளுத்தி. இதுவரைக்கும் பை. இதற்குக் கீழே இருப்பதெல்லாம் கரை: தேளி, உளுவை, பனையேறிக் கெண்டை, சின்னக் குறவை, பொடிக் கெண்டை. ஆராலும் விலாங்கும் ஆளைப் பொறுத்தது. "பாம்பு மாதிரி இருக்கு" என்று சிலர் தொடவே மாட்டாங்க.

காரணம் கேட்டால் நாலு பதில் வரும். முள்ளு. சேத்து நாத்தம். கையில் குத்தும். பெரிய மீனுக்குப் போட்ட புழுவைத் தின்னுட்டுப் போயிடும். "சரிண்ணே, வேண்டாம்னா தண்ணியிலேயே விட்டுடலாமே?" என்று ஒருத்தரிடம் கேட்டேன். "விட்டா மறுபடி இதுவேதான் தம்பி வந்து கடிக்கும்" என்றார். வெயிலில் கிடந்த தேளி அப்போதும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பதில்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. வேண்டாத மீனை விடுவது ஒரு விஷயம். அதைச் சாகடித்தால்தான் ஏரிக்கு நல்லது என்று நம்புவது வேற விஷயம். இந்த நம்பிக்கை எங்கேயிருந்து வந்தது?

ருசியா காரணம்?

ருசிதான் காரணம் என்றால் எல்லா ஊரிலும் இதே வரிசை இருக்கணும். இல்லை. நாம் கரையில் வீசுற அதே தேளி, வங்காளத்தில் சிங்கி. காய்ச்சல் வந்து எழுந்தவங்களுக்கு அங்கே சிங்கி மீன் குழம்புதான் பத்தியச் சாப்பாடு. உயிரோடு பாத்திரத்தில் வைத்து விற்பாங்க. நம்ம பனையேறி அங்கே கொய் மீன். விருந்தாளி வந்தால் சமைக்கிற மீன். இங்கேயே பாருங்க, விரல் நீளம்கூட இல்லாத அயிரைக்கு மதுரைக்காரங்க கொடுக்கிற மரியாதையே தனி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டக் கிராமங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கும். அன்றைக்கு இது உசத்தி, இது மட்டம் என்று யாரும் பிரிப்பதில்லை. அகப்பட்டதெல்லாம் குழம்புதான்.

ஆக, மட்டம் என்பது மீனுக்குள் இருக்கிற குணம் இல்லை. யாரோ ஒட்டிய லேபிள்.

லேபிள் ஒட்டியது யார்?

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். குளத்தில் தானாக இனம் பெருக்காது. அதனால் ஒரு காலத்தில் ஆற்றில் குஞ்சு சேகரித்து வந்து விட வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ம் தேதி கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தாங்க. இன்றைக்கும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். அதன்பிறகு குஞ்சு உற்பத்தி பெருகியது, ஊர் ஊராக ஏரி குளங்களில் இருப்புச் செய்ய முடிந்தது. நாட்டுக்கு மலிவாகப் புரதம் கிடைத்தது. அதைக் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சை இன்னொரு மீன் தின்றால் நஷ்டம். அந்தக் குஞ்சின் தீனியை இன்னொரு மீன் பங்கு போட்டாலும் நஷ்டம். ஆகவே மீன் வளர்ப்புக் கையேடுகளில் இரண்டு பட்டியல் வந்தது. விரால், குறவை, வாளை, தேளி எல்லாம் 'கொன்றுண்ணிகள்'. பொடிக் கெண்டை மாதிரியானவை 'களை மீன்கள்'. குஞ்சு விடுவதற்கு முன்னால் இவற்றை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு போடணும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு எக்டருக்கு 2500 கிலோ என்பது கையேட்டுக் கணக்கு. அதிலுள்ள சபோனின் மீனின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பிறகு புண்ணாக்கு மக்கி உரமாகிவிடும்.

பண்ணைக்குட்டையில் இந்த லாஜிக் சரி. நெல் வயலில் புல் களைதான். ஆனால் ஏரி பண்ணைக்குட்டை இல்லை. நாம் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பது பொது நீர்நிலையில். குத்தகைதாரரின் லாப நஷ்டக் கணக்கு நமக்குக் கிடையாது. இருந்தும் அவருடைய பட்டியலை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், வேற புராஜெக்டோட கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி பண்ணி நம்ம சிஸ்டத்தில் போட்ட கதை.

ஏரி யாருடையது?

நம்ம பக்கத்து ஏரி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஐப்பசி கார்த்திகையில் நிறையும், கோடையில் சேறாகும். அந்தச் சேற்றிலும் தாக்குப்பிடிக்கிற மீன்தான் ஏரிக்குச் சொந்தக்கார மீன். விராலுக்கும் குறவைக்கும் செவுளுக்கு மேலே காற்று அறை உண்டு. தேளிக்கு செவுளிலிருந்து முதுகுப்பக்கமாக நீளும் இரண்டு காற்றுப் பைகள். கரையில் வீசிய தேளி அவ்வளவு நேரம் உயிரோடு கிடப்பது இதனால்தான்.

பனையேறியின் கதை இன்னும் சுவாரசியம். 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளக்கரைப் பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பார்த்ததாக எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அது வந்தது. மரம் ஏறும் என்பதைப் பின்னால் வந்தவங்க ஏற்கவில்லை. ஆனால் செவுள்மூடி முள்ளை ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த குளத்துக்குப் போவது உண்மை.

விலாங்கு கடலில் முட்டையிடும், குஞ்சுதான் ஆறு ஏறும். மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. நடுவில் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. இவ்வளவையும் தாண்டி இந்தப் பக்கம் வந்த ஒரு மீனை, பாம்பு மாதிரி இருக்கு என்று கல்லால் நசுக்குறோம்.

சங்கப் பாடல்களில் வராலும் வாளையும் ஆரலும் அயிரையும் கெண்டையும் வரும். கட்லா வராது. ஜிலேபியைக் கேட்கவே வேண்டாம். ஆப்பிரிக்க மீன், 1952-ல்தான் இந்தியாவுக்கு வந்தது. அந்த ஜிலேபி இன்றைக்குப் பைக்குப் போகுது, ஊர் மீன் கரைக்குப் போகுது. அந்த வாளையை இன்று ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக வைத்திருக்காங்க. கையேட்டில் அது கொன்றுண்ணி.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் தூண்டில்காரங்க விரும்பாத சொந்த மீன்களுக்கு 'ரஃப் ஃபிஷ்' என்று பேர். அந்தப் பட்டியலில் கிடந்த பஃபலோ மீன் ஒன்றுக்கு 112 வயது என்று 2019-ல் கண்டுபிடிச்சாங்க. ரஃப் ஃபிஷ் என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்று 2021-ல் மீன் ஆய்வாளர்கள் சேர்ந்து கட்டுரை எழுதினாங்க. நூறு வயது தாண்டும் மீன் என்பதே தெரியாமல்தான் அத்தனை வருஷமும் வீசிக்கொண்டிருந்தாங்க.

தூண்டில் போடுறவங்களுக்கு மூணு விஷயம்

ஒன்று: வேண்டாத ஊர் மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடிங்க, முள்ளைக் கழற்றித் தண்ணியிலேயே விடுங்க. ஆழமாக விழுங்கியிருந்தால் நரம்பை அறுத்து விடுங்க. எடுப்பதாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்க. கரையில் வீசுவது இரண்டிலும் சேராது.

இரண்டு: தேளி, கெளுத்தியை முள்ளில் கை படாமல் துணியால் பிடிங்க. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கடுகடுப்பு குறையும். வீக்கம் ஏறினால் டாக்டரைப் பாருங்க.

மூன்று: கூட வருகிற பிள்ளைங்களுக்கு அந்த மீனின் பேரைச் சொல்லுங்க. என் குறிப்பில் இளவட்டங்கள் கட்லா, ரோகு, ஜிலேபி, விரால் நான்கையும் உடனே சொல்றாங்க. உளுவையைக் காட்டினால் "சும்மா மீன்ணே" என்கிறாங்க. பேர் தெரியாத மீன் ஏரியிலிருந்து காணாமல் போனால், போனதையே யாரும் கவனிக்க மாட்டாங்க.

உங்க ஊரில் எது பைக்குப் போகுது, எது கரைக்குப் போகுது, அதுக்கு அங்கே என்ன பேர் என்று எழுதி அனுப்புங்க. அடுத்த குறிப்பில் ஊர்வாரியாக அட்டவணை போடலாம்.