ஆத்தோவும் ஆட்டோவும்

தலவாக்கலை ஸ்டேஷன் வாசலில், மழை விட்டிருந்த ஒரு காலை. முதுகில் பெரிய பையோடு அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மா ஒருவர், வரிசையில் நின்ற ஆட்டோக்காரத் தம்பியிடம் வந்து ஒரே ஒரு சொல்லைக் கேட்டார்.

“ஆத்தோ?”

“எஸ் மேடம், ஆட்டோ!”

“வி, வி, ஆத்தோ!” அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பை ஏறியது, அவரும் ஏறினார். எதிர்ப்பக்கத்தில் பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கொண்டக்டர் “அட்டன், அட்டன், அட்டன்” என்று தொண்டை வரளக் கூவிக்கொண்டிருந்தார். ஆட்டோ நகர்ந்து, எங்கே போகவேண்டும் என்று தம்பி கேட்ட பிறகுதான் அந்த அம்மா கைபேசியில் ஊர்ப்பெயரைக் காட்டினார். அவர் தேடியது அட்டன் பஸ்ஸை. தம்பி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, பையையும் தூக்கிக் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஒரு ரூபாய் வாங்கவில்லை.

ஹட்டன் என்ற பெயரை ஒரு பிரெஞ்சுக்காரர் படித்தால் முன்னால் நிற்கும் ஹகரம் ஒலிக்காது. கடைசி னகரம் மூக்குக்குள் கரைந்துவிடும். மிஞ்சுவது ‘ஆத்தோ’. நாங்கள் மட்டும் என்ன, ஹகரத்தையா சொல்கிறோம்? மலைநாட்டு வாயில் அது என்றைக்கும் அட்டன்தான். அந்த அம்மாவும் கொண்டக்டரும் ஒரே ஊரை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் இடையில் இங்கிலீஷ் வந்து நின்றதால்தான் ஒருவருக்கு ஒருவர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். திம்புள்ளப் பக்கத்தில் பிரெஞ்சு கற்க விரும்புகிற பிள்ளைகள் அதை இங்கிலீஷ் வழியாகக் கற்கக்கூடாது, தமிழ் வழியாகக் கற்கவேண்டும்.

கற்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். இலங்கைக்கு அதிகம் பேர் வரும் நாடுகளின் வரிசையில் பிரான்சு பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்கிறது. 1885இல் நானுஓயா வரை போட்ட ரயில் பாதையில், அன்று தேயிலைப் பெட்டி போன கோச்சியில், இன்று வாசற்படியில் உட்கார்ந்து கால் தொங்கப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். சிவனொளிபாதம் ஏற இரவில் நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் அவர்கள். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகத் தோட்டப் பாதைகளைக் கோத்துப் போட்டிருக்கும் பீக்கோ நடைபாதையில் தடியூன்றி வருகிறவர்களிலும் அவர்கள் உண்டு. அந்தப் பாதை மலைக்குள்ளே, லயத்து வாசலிலே போகிறது. எதிரே வருகிறவரிடம் எங்கள் ஆள் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சு என்றதும் எல்லோரும் பயப்படுவது அந்த மூக்கொலிக்கு. எனக்குத் தெரிந்த வழிகாட்டித் தம்பிகள் கைபேசியில் இங்கிலீஷ்காரர் ஒருவர் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுத் திண்டாடுகிறார்கள். திண்டாடவே வேண்டாம். பேச்சு வழக்கில் ‘மரம்’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது. ‘மரோ’ என்று மூக்கில் முடித்துவிடுகிறோம். ‘போன்ஜூர்’ என்ற வணக்கச் சொல்லின் முதல் அசை அந்த ஒலிதான். அடுத்து ‘அவன்’ என்று சொல்லுங்கள். அதன் முடிவில் எகரம் மூக்கேறி வரும். பாணுக்குப் பிரெஞ்சில் ‘பேன்’ என்று பெயர், அதன் ஒலி அதுவே. ‘நான்’ என்று சொல்லும்போது வாயைத் திறந்தபடியே மூக்கில் விடுகிறோமே, அது மூன்றாவது. பிரெஞ்சின் முக்கிய மூக்கொலிகள் மூன்றும் மரம், அவன், நான் என்ற மூன்று சொற்களின் வாலில் எங்கள் வாயில் பிறந்ததிலிருந்து இருக்கின்றன. விலை கேட்கும் ‘கோம்பியேன்’ என்ற சொல்லில் மரமும் அவனும் அடுத்தடுத்து வருகின்றன. ஒருமுறை அப்படிச் சொல்லிக் கொடுத்தால் போதும், இங்கிலீஷ்காரருக்கு ஆறு மாதத்தில் வராதது எங்கள் பிள்ளைக்கு ஒரு பின்னேரத்தில் வரும்.

புணர்ச்சியும் அப்படித்தான். மணி, அடித்தது என்ற இரண்டு சொல் சேரும்போது நடுவில் யகரம் வந்து உட்காரும், அது உடம்படுமெய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே. ‘பஸ் இருக்கா?’ என்று பிரெஞ்சில் கேட்பது ‘இயாத்தில் அன் பியூஸ்?’ அந்த ‘இயாத்தில்’ என்பதில் நிற்கும் தகரம், இரண்டு உயிர் மோதாமல் இருக்க இடையில் போட்ட உடம்படுமெய்யேதான். தமிழ் இலக்கணம் எதற்கு உதவும் என்று கேட்கிற பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உண்மையிலேயே கஷ்டமான ஒலி ஒன்று உண்டு. உதட்டை ஊகாரத்துக்குக் குவித்துக்கொண்டு நாக்கால் ஈகாரம் சொல்லவேண்டும். பியூஸ் என்று நான் எழுதியது அந்த ஒலியைத்தான். கண்ணாடி முன்னால் நின்று பழக வேண்டியது அதைத்தான்.

மரியாதைக்கு வருவோம். பிரெஞ்சில் ‘தியூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்பதால், அந்த வழியாகக் கற்கிறவர் யாரிடம் எதைச் சொல்வதென்று குழம்பிப் போகிறார். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் குழம்ப ஒன்றுமில்லை. முன்பின் தெரியாதவர், பெரியவர், கடைக்காரர் எல்லோரும் ‘வூ’. குழந்தையும் கூட்டாளியும் ‘தியூ’. நாங்கள் ‘குடுங்க’ என்று வினையின் வாலில் வைக்கும் மரியாதையை அவர்கள் ‘சில் வூ ப்ளே’ என்று தனியாக எடுத்து வைக்கிறார்கள். உங்களுக்குப் பிரியமானால் என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ‘போன்ஜூர்’. பிரான்சில் பாண் கடைக்குள் நுழைகிறவர் அதைச் சொல்லாமல் ‘ஒன்று கொடுங்கள்’ என்று தொடங்கினால் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுவார். போன்ஜூர் மதாம், போன்ஜூர் முசியே. பொழுது சாய்ந்தால் போன்சுவார். இங்கே ஆட்டோவை நிறுத்தி “வேர் கோயிங்?” என்று எடுத்த எடுப்பில் கேட்பது அவர்கள் காதுக்கு அடி மாதிரி. அதே ஆள் ஒரு ‘போன்ஜூர் மதாம்’ சொல்லி இரண்டு நொடி நிற்கட்டும், முகம் எப்படி மாறுகிறதென்று பார்க்கலாம்.

முறை தவறினால் என்ன ஆகும் என்று அறிந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்த மலைநாட்டு வரலாற்றிலேயே இருக்கிறார். 1672இல் திருகோணமலைக்குக் கப்பலோடு வந்த பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே, கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனிடம் லனரோல் என்பவரைத் தூது அனுப்பினார். மன்னர் அப்போது இன்றைய நுவரெலியா மாவட்டத்து ஹங்குரன்கெத்தையில் இருந்தார். அரசவையின் வழக்கப்படி பணிந்து காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நடந்துகொண்ட தூதர் பிடிபட்டு, விலங்கு பூட்டப்பட்டு, ஊர் திரும்பாமலே போனார். அந்தக் காலத்தில் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். த லனரோல் என்ற குடும்பப் பெயர் இன்றைக்கும் இலங்கையில் இருக்கிறது. வணக்கம் சொல்லும் முறை சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் ஞாபகம் வருவார்.

லயத்துக்குள்ளேயே பாதிச் சொற்கள் உறவாக இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். நாங்கள் குடியிருக்கும் காம்பரா போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். பிரெஞ்சில் அறைக்கு ‘ஷாம்ப்ர்’. இரண்டும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. பாணும் ‘பேன்’னும் அப்படியே. விடியலில் பேர் கொடுக்கப் போகும் பெரட்டு, இங்கிலீஷ் வழியாக வந்தாலும் பிறந்த வீடு பிரெஞ்சு. கோச்சிக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு பாட்டி உண்டு. ஒரு சொல்லை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். பிரெஞ்சுக்காரர் பார்த்ததும் ‘சா வா?’ என்பார். சுகமா என்று கேட்கிறார். காலங்காத்தாலே சாவைக் கூப்பிடுகிறாரே என்று எங்கள் ஆச்சிமார் திடுக்கிட வேண்டாம்.

பணத்துக்கு ஒரே ஒரு எண் போதும். ‘மில்’ என்றால் ஆயிரம். எங்கள் ரூபாய்க்கு அதற்குக் கீழே அதிகம் தேவைப்படாது. ‘ஸே கோம்பியேன்?’ என்று அவர் கேட்டால் ‘தியோ மில்’, இரண்டாயிரம். ‘ல த்ரேன் ஆ தியூ ரதார்’ என்பதையும் கற்று வைத்தால் நானுஓயாவில் அடிக்கடி உதவும். கோச்சி லேட்டு.

நான் அதிகம் சொல்ல நினைப்பது விற்பனைப் பேச்சைப் பற்றி அல்ல. ஏ7 வீதியில் டெவன், சென் கிளயர் அருவிகளைப் பார்க்கும் வளைவுகளில் வேன் நிற்கும். இறங்குகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்ப்பார்கள். கமரா உயரும். சிலர் கையசைத்துக் கேட்பார்கள். பலர் கேட்பதில்லை. அட்டை கடித்த காலோடும் நனைந்த படங்கோடும் நிற்கும் ஒருத்திக்கு அந்த நேரத்தில் படம் எடுக்கப்பட விருப்பமா இல்லையா என்று சொல்ல ஒரு வாக்கியமாவது கையில் இருக்க வேண்டாமா? ‘பா த ஃபோதோ, சில் வூ ப்ளே.’ படம் வேண்டாம், தயவுசெய்து. அவ்வளவுதான். விருப்பம் என்றால் ‘வி’. அதோடு ‘ஜ மாப்பெல்’ என்று தன் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். அப்போது அந்தப் படம் ஊர்போய்ச் சேரும்போது அதில் இருப்பவள் பெயரில்லாத கொழுந்துக்காரி அல்ல.

மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை இந்த மக்களின் பாட்டை இங்கிலீஷில் எழுதினார். எழுதியது ஆளுகிறவர்களும் கேட்கவேண்டும் என்பதற்காக. வேறொருவர் மொழியை எடுத்துத் தன் ஆட்களுக்காகப் பேசுவது இந்த மண்ணில் புதிதல்ல.

பிரெஞ்சு எங்கள் சனத்துக்கும் புதிதல்ல. எங்கள் முப்பாட்டன்மார் தலைமன்னார் வழியே கோப்பிக் காட்டுக்கு நடந்த அதே காலத்தில், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கரும்பு வெட்டப் போனார்கள். 1853இல் ‘ஒரேலி’ கப்பல் மார்த்தினிக்கில் இறக்கியது, 1854 டிசம்பரில் குவாதலூப்பில் இறக்கியது. ரீயூனியன் தீவுக்கு அதற்கும் முன்பே போனார்கள். அவர்கள் பிரெஞ்சை எந்த நிலையில் கற்றார்கள் என்பதை லயத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இன்று பாரிசின் லா ஷாப்பலில் தமிழ்க் கடைப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன, ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் ஓடுகிறது. ஆனால் அங்கே வாழப் போகிறவருக்குப் பத்து வாக்கியம் போதாது. 2026 ஜனவரி முதல், நீண்டகால வதிவிட அட்டைக்கு பி1 நிலைப் பிரெஞ்சும், குடியுரிமைக்கு பி2 நிலையும் காட்டவேண்டும்.

தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்குப் பாலம் போடுவது முடியாத காரியமும் அல்ல. முசே, துப்புய் என்ற இரண்டு பாதிரிமார் புதுச்சேரியில் தமிழ்-பிரெஞ்சு அகராதியை 1855இலும் 1862இலும் இரண்டு பாகமாக அச்சிட்டுவிட்டார்கள். கண்டியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, உயர்தரத்தில் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கிறது. தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு இரண்டும் தூரம். ஆனால் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது, அங்கே தமிழ் ஆசிரியர்கள் உருவாகிறார்கள். மரம், அவன், நான் என்று தொடங்கும் இருபது பக்கக் கையேடு ஒன்று அங்கிருந்து வரட்டும். கொழுந்து மடுவத்திலும் ஆட்டோ தரிப்பிடத்திலும் கொடுக்கட்டும். அதைக் கேட்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் சித்தி முப்பத்திரண்டு வருசம் கொழுந்து எடுத்தவர். போன மாதம் ‘பா த ஃபோதோ’வைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் தடவையிலேயே சரியாகச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வேணாங்கிறத மட்டும் சொல்லிக் குடுத்தா எப்பிடி? நம்ம வாசலால போறவுங்கள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லணுமே.”

“வ்னே புவார் அன் தே,” என்றேன்.

“கடேசியில என்னா சொன்ன?”

“தே.”

“அவுங்களும் தேன்னுதான் சொல்றாங்களா?”

அவர்களும் தே என்றுதான் சொல்கிறார்கள். சீனத்து ஃபூஜியன் கரையில் அந்த இலையைத் ‘தே’ என்றார்கள். டச்சு வியாபாரிகள் கப்பலில் இலையோடு பெயரையும் ஏற்றினார்கள். பிரான்சில் அது ‘தே’ ஆனது, நம்மிடம் தேயிலை ஆனது. சித்திக்கு நான் இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டிருந்தார்.

“சரி, பால் போடவான்னு எப்பிடிக் கேக்கிறது?”

“அவெக் தியூ லே?”

“அவெக் தியூ லே,” என்றார் சித்தி, உதட்டைக் குவித்து.