ஃபேக்டர் 8: உள்ளே கசிகிற ரத்தத்துக்கு மருந்து

நம் பள்ளியில் 7-ஆம் வகுப்பு படிக்கும் என் சித்தி மகனுக்கு ஹீமோபிலியா. "ஒரு கீறல் பட்டாலே ரத்தமெல்லாம் போயிருமாமே?" என்று என்னிடம் நிறைய பேர் கேட்டாச்சு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போகாது. அவனுக்கு ரத்தம் வேகமாக வடியாது, ரொம்ப நேரம் வடியும். சின்ன வெட்டை அமுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். பயம் உள்ளே கசிவதில்தான். முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுக்குள் கசிந்து வீங்கும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டு கெட்டு, காலை நீட்டவே முடியாமல் போகும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

ரத்தம் உறைய பல புரதங்கள் சங்கிலி போல வேலை செய்யணும். அவற்றுக்கு ஃபேக்டர் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 8 குறைந்தால் ஹீமோபிலியா ஏ, 9 குறைந்தால் பி. இது ஒட்டுகிற நோய் இல்லை, தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும். இதுக்காக சித்தியை ஏசினவங்க உண்டு. ஆனால் சுமார் மூன்றில் ஒருவருக்கு குடும்பத்தில் முன்னால் யாருக்குமே இருந்திருக்காது.

குறைகிற ஃபேக்டரை ரத்தக்குழாயில் ஊசியாகப் போடுவதுதான் வைத்தியம். கணக்கு சாருக்குப் பிடிக்கும்: கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் ஃபேக்டர் 8 சுமார் 2 சதவீதம் ஏறும். 40 கிலோ பையனுக்கு 40 சதவீதம் ஏற்ற 800 யூனிட். ஆனால் ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பாதி குறைந்துவிடும். அதனால்தான் கசிவு வராமலிருக்க வாரத்துக்கு 2, 3 ஊசி. குத்திக் குத்தி அவன் கையைப் பார்க்கவே பாவமா இருக்கும்.

ஊசியே வேண்டாம் என்று ஆகுமா? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேரின் மூல செல்களை எடுத்து, ஃபேக்டர் 8 மரபணுவைச் சேர்த்து, அவங்க உடம்பிலேயே திரும்ப ஏற்றினார்கள். கண்காணித்த காலம் வரை யாருக்கும் கசிவு இல்லை என்று 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் 5 பேர்தானே, அதற்குக் கடுமையான கீமோ மருந்தும் வேணும். அதுவரை ஃபேக்டர்தான்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அது இலவசம். கசிவு தொடங்கி 2 மணி நேரத்துக்குள் போட்டால் மூட்டு தப்பும். கொட்டாரத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் போக நாகர்கோவிலில் பஸ் மாறணும். அதனால் பி.டி. பீரியடில் அவன் "முட்டுக்குள்ள குறுகுறுங்கு" என்றால், "நடிக்கான்" என்று சிரிக்காமல், வீக்கம் வரட்டும் என்று நிற்காமல், உடனே சாரிடம் சொல்லுங்கள். ஐஸ் வைக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துராதீங்க.