புத்துக்காளான்: ருசியும் உண்டு, ஜாக்கிரதையும் வேண்டும்!

"இடி இடிச்சா காளான் முளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை ஒட்டிய அகரம் பக்கத்து மேட்டு நிலங்களில் புரட்டாசி, ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தால், விடியற்காலையிலேயே கூடையும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் குடை விரிந்து வதங்கிவிடும், அப்புறம் ருசி ஏது?

இடிக்கும் காளானுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, கரையானுக்கும் காளானுக்கும் நிச்சயம் உண்டு. காய்ந்த இலையையும் சுள்ளியையும் தின்று, அந்தக் கழிவால் புற்றுக்குள் தேனடை மாதிரி ஓர் அடை கட்டுகிறது கரையான். அதன்மேல் பூஞ்சையை வளர்த்து, அதையே உணவாக்கிக்கொள்கிறது. சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் விவசாயமாம் இது! அந்தப் பூஞ்சைதான் மழை ஈரம் பட்டதும் மண்ணைத் துளைத்துக்கொண்டு குடையாக வெளியே வருகிறது. கரையான் இல்லாமல் வளராததால்தான் இதை யாரும் பண்ணை வைத்து விற்பதில்லை. ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் இதன் உறவுக்காளான் ஒன்றின் குடை ஒரு மீட்டர் அகலம்கூட விரியும். ஒன்று கிடைத்தால் கூட்டுக் குடும்பத்துக்கே குழம்பு வைக்கலாம்!

இனி, தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம். மழைக்காலத்தில் புல்தரையிலும் எருக்குழி ஓரத்திலும் பார்க்க அழகான வெள்ளைக் குடைகள் முளைக்கும். அவற்றில் ஒரு வகைக்கு முற்றிய பிறகு குடையின் அடிமடிப்பு பச்சையாக மாறும். இளசாக இருக்கும்போது அதுவும் வெள்ளைதான். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிவிடும். புத்துக்காளானுக்கோ நடுவில் கூரான முனை, மண்ணுக்குள் அடைவரை இறங்கும் நீளமான வேர். ஆனால் இந்த அடையாளத்தை மட்டும் நம்பி, புதிதாக ஒருவர் பறிக்கவே கூடாது. அதே இடத்தில் பல வருஷமாகப் பறித்துச் சாப்பிட்டவர் பார்த்துச் சொல்லட்டும். அவருக்கே சந்தேகம் என்றால் தூரப் போட்டுவிடுங்கள்.

"வெள்ளி ஸ்பூனைப் போட்டேன், கறுக்கலை, பூண்டு போட்டேன், நிறம் மாறலை" என்பார்கள் சிலர். இவை எதுவும் சோதனையே அல்ல. பூச்சி கடித்த காளான் நல்லது என்பதும் வெறும் பேச்சுதான். மிகக் கொடிய வகைகளின் விஷம் எவ்வளவு கொதித்தாலும் போகாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். அடுத்த நாள் தேறியது போலத் தோன்றும், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே காளான் சாப்பிட்ட பின் வாந்தி வந்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், மிச்சமுள்ள காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-க்குப் போன் செய்யலாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் காட்டுக்காளானே வேண்டாம்.

சத்து? "கறிக்குச் சமம்" என்பது கொஞ்சம் மிகை. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். 100 கிராமில் புரதம் சுமார் 3 கிராம் இருக்கலாம். அதே எடை துவரம் பருப்பில் 20 கிராமுக்கு மேல். எனவே பருப்பை நிறுத்திவிடாதீர்கள். ஆனாலும் கொழுப்பு மிகக் குறைவு, பி வைட்டமின்கள் உண்டு. கடையில் வாங்கும் காளானை நறுக்கி அரைமணி உச்சி வெயிலில் வைத்தால் வைட்டமின் டி-யும் கூடும்.

சமையலுக்கு வருவோம். 250 கிராம் காளானின் வேரை மண்ணோடு வெட்டிவிட்டு, ஊறவிடாமல் சட்டென்று இரண்டு தண்ணீரில் அலசுங்கள். கத்தி வேண்டாம், கையால் கிழித்தாலே போதும். மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், பூண்டு நாலு பல், தேங்காய்த் துருவல் இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்த்து அரையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயத்தை வதக்கி, காளானைப் போட்டு உப்புச் சேருங்கள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம், அதுவே விடும். அது சுண்டியதும் அரைத்ததைச் சேர்த்து, நன்றாக வேகும்வரை பதினைந்து நிமிஷம் மூடி வையுங்கள். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும்.

புத்துக்காளான் கிடைக்காத ஊர்க்காரர்கள் வருந்த வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே.2 பால்காளான் நம் வெயிலுக்கும் விளையும். அதிலும் இதே குழம்பு வைக்கலாம். தண்டு கெட்டி என்பதால் மெல்லியதாக நறுக்கி இன்னும் ஐந்து நிமிஷம் வேகவிடுங்கள்.